ஓரம் நெளிந்த டாங்கி

என் வீட்டுக்காரரை வேலை செய்யும் இடத்தில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. ‘நூலு’ என்றுதான் கூப்பிடுவார்கள். டவர் கிரேன் ஓட்டுகிறார். அந்தரத்தில் ஒரு கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்துகொண்டு, கீழே லாரியில் கிடக்கும் கான்கிரீட் பலகையைத் தூக்கி, மேல் மாடியில் சொன்ன இடத்தில் நூல் பிடித்த மாதிரி இறக்கி வைப்பார். அதனால் நூலு. எனக்கு அதில் கொள்ளைப் பெருமை, ஏன் மறைக்க வேண்டும்?

வீட்டுக்கு வந்தால் மனுஷன் பொம்மை ராணுவ டாங்கி செய்வார். சிரிக்காதீர்கள். சுண்டெலியைக் கண்டால் நாற்காலி மேல் ஏறி நிற்கிற ஆள்தான், ஆனால் எங்கள் கண்ணாடி அலமாரியில் ஒரு படையே நிற்கிறது. டப்பாவில் துண்டு துண்டாக வரும். ஒட்டிக் காயவைத்த பிறகு, எதிரி கண்ணில் படாமலிருக்கப் பூசும் அந்தத் திட்டுத் திட்டான வண்ணம். மணல் நிறத்தின் மேல் பச்சை, பச்சையை ஒட்டிப் பழுப்பு. ஓரம் பிசகாமலிருக்க மற்றவர்கள் டேப் ஒட்டிவிட்டுப் பூசுவார்களாம். இவர் டேப்பைத் தொடவே மாட்டார். “டேப்பெல்லாம் கை நிக்காதவனுக்கு” என்பார். வெறும் பிரஷ்ஷால் பிளேடில் வெட்டின மாதிரி ஓரம் இழுப்பார். அந்தத் திமிர் எனக்குப் பிடிக்கும்.

கடைசியாக வாங்கின டாங்கியில்தான் சந்தேகம் வந்தது.

“என்னங்க, ஓரமெல்லாம் நெளிநெளியா இருக்கு?”

“இது அலை மாடல்டி. இப்படித்தான் இருக்கணும். காட்டுல நிழல் என்ன நேர்கோடாவா விழுது?”

பதில் நன்றாகத்தான் இருந்தது. அதுதான் உறுத்தியது. கேட்ட கேள்விக்கு ‘ம்’ கொட்டுவதே பெரிய விஷயம் என்று வாழ்கிற மனுஷன், காடு, நிழல் என்று கதை அளக்கிறாரே! அவர் குளிக்கப் போனதும் டாங்கி வந்த டப்பாவின் மூடியைத் தேடினேன். அலமாரிக்கு மேலே, பழைய செய்தித்தாளுக்கு அடியில் கிடந்தது. அதில் அச்சடித்திருந்த படத்தில் ஒரு ஓரம்கூட நெளியவில்லை. உடைந்த கண்ணாடித் துண்டுகள் மாதிரி எல்லாம் கூர் கூராக, நேர் நேராக இருந்தன.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கப் பார்த்திருக்கிறார்! அன்றிலிருந்து கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு கவனித்தேன். டீயை அரை டம்ளர்தான் கேட்டார். சட்டைப் பொத்தானோடு மல்லுக்கு நின்றார். பிரஷ் பிடிக்கும்போது முழங்கையை மேசையில் ஊன்றி, வலது மணிக்கட்டை இடது கையால் இறுக்கிக்கொண்டார். அப்படியும் பிரஷ்ஷின் நுனி நடுங்கியது. நடுங்கின இடமெல்லாம் அலை மாடல்.

அந்தக் கிரேன் கொக்கிக்குக் கீழே நிற்பவன் என் தம்பி. மேல் மாடியில் நின்று, தொங்கிக்கொண்டு இறங்கும் பலகையைக் கையால் பிடித்துத் திருப்பி உட்கார வைப்பான். பலகை ஒரு சாண் தப்பினால் சுவருக்கும் அதற்கும் நடுவில் அவன்தான் இருப்பான்.

“டாக்டரைப் பாத்துட்டு வருவோமா?” என்று மெதுவாகத்தான் கேட்டேன்.

“எதுக்கு?”

“உங்க கைக்கு.”

“தூக்கம் சரியில்ல, அவ்ளோதான். நீ வாயை மூடு.”

என்னை வாயை மூடு என்று சொன்ன ஆள் இந்த உலகத்தில் அதுவரை இல்லை. ஆச்சரியம், மூடிக்கொண்டேன். ஃபோர்மேனிடம் நானே போய்ச் சொல்லலாம். சொன்னால், பெண்டாட்டி காட்டிக்கொடுத்து இறக்கிவிட்ட ஆள் என்ற பேச்சோடு இவர் மிச்சக் காலத்தை ஓட்ட வேண்டும். சொல்லாவிட்டால் தம்பி. மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பது சரிதான். அவர் மேல் வந்த கோபத்தைப் பாத்திரங்களிடம் காட்டினேன்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தம்பி சாப்பிட வந்தான். கை கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தவன், “நாளைக்குப் படிக்கட்டுப் பலகை ஏத்துறோம்க்கா. சரியான சந்து, மூச்சு விடக்கூட இடமில்ல. மாமா மேல இருக்காருல்ல, எனக்கென்ன பயம்?” என்றான். இவர் தலையைக் குனிந்துகொண்டு மேசையில் இருந்த டாங்கியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

எனக்குப் பொறுக்கவில்லை. வெள்ளைப் பெயின்ட் டப்பாவைத் திறந்து, இருப்பதிலேயே மெல்லிய பிரஷ்ஷை அவர் முன்னால் வைத்தேன்.

“இந்த வண்டிக்கு இன்னும் நம்பர் போடல. போடுங்க.”

“அப்புறம் பாக்கலாம்.”

“இப்பவே போடுங்க. உங்க மச்சினன் பாக்கட்டும்.”

“ஆமா மாமா, நம்பர் இல்லாம எப்படி?” என்றான் தம்பி, ஒன்றும் தெரியாமல்.

அவர் என்னைப் பார்த்த பார்வையில் நான் எரிந்துபோயிருக்க வேண்டும். பிரஷ்ஷை எடுத்தார். ஒன்று என்ற எண்ணுக்கு ஒரே ஒரு கோடு, அவ்வளவுதான். மேலிருந்து கீழே பாதி வருவதற்குள் கோடு பச்சையிலிருந்து பழுப்புக்குத் தாவியது.

“பெயின்ட் தண்ணியா இருக்கு” என்று துணியால் துடைத்தார். மறுபடி வைத்தார். இடது கை வந்து மணிக்கட்டைப் பிடித்தது.

“என்ன மாமா, பாம்பா வரையிறீங்க?” என்று தம்பி சிரித்தான். அப்புறம் அவர் கையைப் பார்த்தான். சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது.

“குடுங்க மாமா, நான் எழுதுறேன்” என்றான்.

அவர் கொடுக்கவில்லை. பிரஷ்ஷை மேசையில் வைத்தார். அது உருண்டு கீழே விழுந்து பாயில் வெள்ளையாகக் கறை வைத்தது. மற்ற நாளாக இருந்தால் வீட்டை இரண்டாக்கியிருப்பேன்.

“மாப்ள, நாளைக்கு நீ லீவு போடு. என் கொக்கிக்குக் கீழ நிக்காத.”

தம்பி என்னைப் பார்த்தான், அவரைப் பார்த்தான்.

“நான் நிக்கலேன்னா வேற எவனாவது நிப்பான் மாமா.”

கோபமாகச் சொல்லவில்லை அவன். இருக்கிறதைத்தான் சொன்னான். அவர் முகம் சுருங்கிப்போனதைப் பார்த்து எனக்கு அழுகை வந்துவிட்டது. ஏன் இந்தப் பிரஷ்ஷை எடுத்து வைத்தேன் என்று என்னையே திட்டிக்கொண்டேன். எடுத்து வைக்காமலும் இருந்திருக்க முடியாது.

அவர் போனை எடுத்தார். விரல் சரியான இடத்தில் படவில்லை. இரண்டு தரம் தப்பாக அழுத்தினார். தம்பி எழுந்து வந்து, ஃபோர்மேன் நம்பரை அழுத்திக் கொடுத்தான்.

“அண்ணே, நூலு பேசுறேன். நாளைக்குக் கிரேன்ல வேற ஆளை ஏத்துங்க.”

அந்தப் பக்கம் ஃபோர்மேன் ஏதோ கத்தினார். ஏன், என்ன, காய்ச்சலா, வீட்டில் விசேஷமா என்று வரிசையாகக் கேட்பது எங்களுக்கே கேட்டது. ஏதாவது ஒன்றுக்கு ஆமாம் சொல்லியிருந்தால் போதும், அன்றைக்குத் தப்பித்திருக்கலாம். அவர் என்னைப் பார்த்தார்.

“காய்ச்சல் இல்லண்ணே,” என்றார். “கை ஆடுது.”