மீதித் தோசை

மலேசியாவின் செரண்டா ரயில் நிலையத்தில் தினமும் காலையில் அவரைப் பார்ப்பேன். அறுபது வயதிருக்கும். ஒட்டிப்போன கன்னம், தொளதொளத்த தொழிற்சாலைச் சட்டை. பொட்டலத்தைப் பிரித்து இரண்டு தோசையில் ஒன்றைச் சாப்பிடுவார். மற்றதை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டு, யார் பார்த்தாலும் கவலைப்படாமல், நடைமேடையிலேயே உட்கார்ந்து உட்கார்ந்து எழுவார்.

தைப்பூசம் நெருங்கிய நேரம். நானும் காவடிக்காக விரதத்தில் இருந்தேன். ரயில் தாமதமான ஒரு நாள், “காவடி எடுக்கிறீங்களாண்ணே?” என்று கேட்டேன்.

“காவடி இல்ல தம்பி. மகனத் தூக்கணும்.”

மகனுக்கு முப்பது வயதாம். பிறந்ததிலிருந்தே நடக்க முடியாது. கட்டிலிலிருந்து குளியலறைக்கு இவர்தான் தூக்கிப்போக வேண்டும். வேறு ஆளில்லை.

“கொறச்சு சாப்பிட்டா ரொம்ப நாள் இருக்கலாம்னு யூடியூப்ல ஒருத்தன் சொல்றான். நல்லா சாப்பிட்டு எக்சர்சைஸ் பண்ணு, சாப்பிட்டத உடம்பு சீக்கிரம் எரிச்சிடும், அதான் ஆயுசுன்னு இன்னொருத்தன். நான் பாதி அது, பாதி இதுன்னு செய்றேன்லா. இப்பல்லாம் அவனத் தூக்கினா கை நடுங்குது.”

“அப்ப வயிறார சாப்பிடுங்கண்ணே.”

“சாப்பிட்டா தூக்கிடலாம். அவனுக்கு முன்னாடி நான் போயிட்டா?”

என் ரயில் வந்தது. அவர் மீதித் தோசையை வெளியே எடுத்து மடியில் பிரித்தார். நான் ஏறிக்கொண்டேன். கதவு மூடும்போதும் அவர் அதைச் சாப்பிடவில்லை, மடிக்கவுமில்லை, பார்த்துக்கொண்டே இருந்தார்.