போ என்ற சொல்

கூட்டேரிப்பட்டுப் பக்கம் ஓர் அம்மன் கோயில் திருவிழா. பொழுது சாய்ந்திருந்தது. சனம் வேகவைத்த மல்லாட்டைக் கடலையை உரித்துத் தின்றபடி பாட்டுக் கேட்டுக்கொண்டிருக்க, அண்ணி பாதிப் பாட்டில் நிறுத்தினார். கீபோர்டில் என் விரல்கள் அப்படியே நின்றன.

திண்டிவனத்தில் எங்கள் மெல்லிசைக் குழுவை நடத்தியவர் அண்ணன். என் கூடப் பிறந்தவர் அல்ல. குழுவில் எல்லோருக்கும் அவர் அண்ணன், ஜோடியாகப் பாடிய அவர் மனைவி அண்ணி. சினிமாப் பாட்டுகளுக்கு நடுவே அண்ணன் தானே எழுதியதையும் பாடுவார். எல்லாவற்றிலும் ஒரே சங்கதிதான். அவள் போ என்பாள், அவன் நகரமாட்டான். அவன் விலகினால் அவளே ஓடி வருவாள். ‘போன்னு நான் சொன்னது வான்னுதான் மாமா’ என்று அண்ணி இழுக்கும் இடத்தில் விசில் பறக்கும்.

வீட்டிலும் அதே கதை. குடித்துவிட்டு வந்து அண்ணன் வெளியே போடி என்பார். அண்ணி விழுப்புரத்தில் அம்மா வீட்டுக்குப் பஸ் ஏறுவார். நாலு நாளில் அண்ணன் அங்கே போய் வாசலில் நின்று அழுவார். வேண்டாம், போ என்று சொல்லிவிட்டு அண்ணியும் கடைசியில் கூடவே வந்துவிடுவார். “வேணாம்னு சொல்றா பாரு, அதுலதான்டா ஆசையே இருக்குது” என்று என்னிடம் சிரிப்பார். அண்ணியின் உதடு வீங்கியிருந்த ஒரு நாளில்கூட இருவரும் ஜோடியாகப் பாடினார்கள். நல்ல கைதட்டல். இன்றைக்கும் கச்சேரிகளில் வாசிக்கிறேன். பெண் வேண்டாம் என்று பாட, ஆண் விடாமல் துரத்தும் பாட்டுக்குத்தான் கூட்டம் எழுந்து ஆடுகிறது.

அன்றைக்குத் திருவிழாவில் அந்த ‘வான்னுதான் மாமா’ வரி வந்தபோதுதான் அண்ணி நிறுத்தினார். “போன்னா போன்னுதான் அர்த்தம்” என்றார் மைக்கில். நடிப்பென்று எண்ணிச் சனம் சிரித்தது. அண்ணனும் சிரித்தார். அண்ணி மேடையை விட்டு இறங்கிப்போய், விழுப்புரம் பஸ்ஸைக் கைகாட்டி நிறுத்தி ஏறிவிட்டார். அதன்பின் அண்ணன் எத்தனை முறை போய் நின்றும் அந்தக் கதவு திறக்கவில்லை.

சில வருடங்கள் கழித்து, கல்லீரல் கெட்டு அண்ணன் முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரியில் கிடந்தார். கூட இருந்த நான்தான் அண்ணிக்குப் போன் செய்தேன். வந்தார். அண்ணன் அவரைக் கண்டதும் கண் கலங்கி, முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

“எதுக்கு வந்த? போ.”

அண்ணி வாங்கி வந்த சாத்துக்குடியைக் கட்டிலோரம் வைத்துவிட்டு வெளியே நடந்தார். பஸ் ஸ்டாப் வரைக்கும் பின்னாலேயே ஓடினேன்.

“அண்ணி, அவரு நெசமா போவச் சொல்லல.”

“தெரியும் தம்பி. அவரு சொல்றதுக்கெல்லாம் வேற அர்த்தம் தேடிக்கினே என் வயசு போயிடுச்சி. இந்த ஒரு வாட்டி, சொன்னத சொன்னபடியே கேட்டுக்கினு போறேன்.”

பஸ் வந்தது. ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்தார். திரும்பிப் பார்க்கவில்லை.

நான் வார்டுக்குத் திரும்பியபோது அண்ணன் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“வெளியே நிக்கிறாளா?”

“போயிட்டாங்கண்ணே.”

“போவமாட்டா. நல்லா பாருடா” என்றார்.