நம்பாமல் பங்கு போட்ட மச்சாள்

லோஞ்ச் படகு ஓட்டுபவர் வாசல் படலையில் வந்து நின்று, "அம்மா, தங்கரத்தினம் அக்கா யாழ்ப்பாணத்திலை மோசம் போயிட்டாவாம்" என்றபோது நான் முருங்கைக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன்.

"ஆர் சொன்னது?" என்று கேட்டேன்.

"துறையடி ஜெற்றியிலை கதைச்சவை."

"கதைச்சவை ஆர்? அவை கண்ணாலை கண்டவையோ?"

அவர் தலையைச் சொறிந்துகொண்டு போய்விட்டார். நான் கீரையை ஆய்ந்து முடித்து உலையும் வைத்தேன். பின்னேரம் தந்தி வந்தது. அதில் அனுப்பியவராகத் தங்கரத்தினம் மச்சாளின் மருமகனுடைய பெயர் சரியாக இருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் அடுப்பை அணைத்தேன். என் மச்சாளை அறிந்தவர்கள் இதைக் கல்நெஞ்சம் என்று எண்ணமாட்டார்கள். என் மரணச் செய்தி முதலில் அவரிடம் போயிருந்தால், அவரும் இதே கேள்வியைத்தான் கேட்டிருப்பார்; இன்னும் இரண்டு கேள்விகள் கூடக் கேட்டிருப்பார்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியில் வெளியிடும் இந்த நினைவு மலருக்கு, "மாமி, அம்மாவைப் பற்றி நாலு நல்ல வார்த்தை எழுதித் தாங்கோ" என்று அவருடைய மகன் கேட்டார். நல்ல வார்த்தைகளை எழுதப் பலர் இருக்கிறார்கள். நான் மச்சாள் கத்தரிக்காய் வாங்கும் விதத்தில் எழுதுகிறேன். சூத்தை இருக்கிறதா என்று திருப்பிப் பார்த்துவிட்டுத்தான் அவர் எதையும் கூடையில் போடுவார்.

அவர் என் கணவரின் மூத்த சகோதரி. மணமாகிப் போன நாள்முதல் தென்னிலங்கையில் கணவரோடு பலசரக்குக் கடை நடத்தியவர். கணவர் இறந்த பிறகும் கல்லாவில் அவரே இருந்தார். எண்பத்து மூன்றாம் ஆண்டுக் கலவரத்தில் கடை எரிந்துபோக, உடுத்த சேலையோடு அனலைதீவுக்குத் திரும்பி, என் வளவுக்குப் பக்கத்தில் இருந்த தன் சீதன வீட்டைத் திறந்தார். வந்த மறுநாளே வேலிப் பொட்டால், அந்த இடைவெளியால், நுழைந்து என் கிணற்றடிக்கு வந்து, துலாவைத் தானே இழுத்து, கையில் ஏந்தி ஒரு வாய் குடித்தார்.

"நல்ல தண்ணி மச்சாள். என்ரை கிணறு உப்புச் சவர். இந்த ஒழுங்கையிலை வாயிலை வைக்கக்கூடிய கிணறு உம்மட ஒண்டுதான்."

சாதாரணமாகத்தான் சொன்னார். ஆனால் நான் அந்த வசனத்தை மனதில் குறித்துக்கொண்டேன்.

அதற்குக் காரணம் இருந்தது. என் கணவர் காலமாகி அப்போது ஓராண்டு ஆகியிருந்தது. கொழும்பில் வேலை செய்யும் என் ஒரே மகன் நேசன், வீட்டைப் பூட்டிவிட்டுத் தன்னோடு வந்து இருக்கும்படி வருந்திக் கேட்டுக்கொண்டிருந்தான். தனியே இருந்து வாங்கிச் சமைத்துச் சாப்பிட என்னால் ஏலாது என்பது அவனுடைய முடிவு. எனக்கோ, மருமகளின் குசினியில் ஒரு கதிரையில் உட்கார்ந்து அவள் அவிப்பதைச் சாப்பிட மனம் இல்லை. கணவரின் ஓய்வூதியத்தில் என் அடுப்பை நானே எரிப்பேன், உன்னிடம் ஒரு சதமும் கேட்கமாட்டேன் என்று அவனிடம் சொல்லியிருந்தேன். அப்படிச் சொன்ன கையோடு சாமான்களின் விலை ஏறத் தொடங்கியது. சொன்னதைச் செய்ய முடியாமற்போனால் வீட்டைப் பூட்ட வேண்டும். பூட்டினால் வீட்டுச் சாவி, அந்தத் திறப்பு, யார் கைக்குப் போகும்? கணவரின் கூடப்பிறந்த சகோதரி, அதுவும் அடுத்த வளவில் இருப்பவர், அவர் கைக்குத்தானே. திறப்போடு கிணறும் போகும்.

ஆகவே, "மச்சாள், ரெண்டு பேரும் சேர்ந்து மூட்டையா வாங்குவம். தனித்தனியச் சில்லறையா வாங்கினா அவன் கடைக்காரன் கொழுப்பான், நாங்கள் மெலிவம்" என்று அவர் கேட்டபோது, உடனே ஓம் என்று நான் சொல்லவில்லை.

"என்னை நம்பியோ கேக்கிறீங்கள்?" என்றேன்.

"ஆர் உம்மை நம்பினது? நம்பேல்லை, அதாலைதான் உம்மோடை பங்கு போடுறன். நம்பின ஆக்களோடை பங்கு போட்டால் ஆரும் நிறுத்துப் பாக்கிறேல்லை. பிறகு ஆயுள் முழுக்க மனக்குறை."

அவர் வைத்த விதி இதுதான். ஒருவர் பிரிக்க வேண்டும், மற்றவர் முதலில் எடுக்க வேண்டும். பிரிக்கிறவர் வாய் திறக்கக்கூடாது. முதல் அரிசி மூட்டையை அவர் பிரித்தார். பாயில் இரண்டு குவியல். ஒன்று கோபுரம் மாதிரி உயர்ந்து நின்றது, மற்றது தணிந்து பரந்திருந்தது. நான் பாயைச் சுற்றி நடந்து பார்த்தேன். உயர்ந்த குவியலை அவர் சுளகிலிருந்து மெல்ல ஒழுகவிட்டதை நான் கவனித்திருந்தேன். மற்றதைப் போட்டபோது கையால் இரண்டு தட்டுத் தட்டியதையும் கவனித்திருந்தேன். தணிந்ததை எடுத்துக்கொண்டேன்.

மச்சாள் வயிறு குலுங்கச் சிரித்தார். "கொன்வென்ற்றிலை மதர்மார் இதுவும் படிப்பிச்சவையோ?"

"இல்லை. உங்கட முகத்தைப் பாத்துப் படிச்சனான்" என்றேன்.

நான் கன்னியர் மடத்துப் பள்ளிக்கூடத்தில் படித்தவள் என்பதால், அன்றுமுதல் அவர் என்னைக் கோபத்தில் மட்டுமல்ல, சந்தோஷத்திலும் "கொன்வென்ற்" என்றே கூப்பிட்டார்.

அவரோடு யாழ்ப்பாணச் சந்தைக்குப் போவது ஒரு விசாரணைக்குப் போவது போலிருக்கும். லோஞ்சில் ஊர்காவற்றுறைக்குப் போய், அங்கிருந்து பஸ் பிடித்து, வெயில் ஏற முதல் சந்தைக்குள் நுழைவோம். செத்தல் மிளகாயைக் காதருகில் வைத்து ஒடிப்பார். புளியைப் பிய்த்து, கொட்டையோடு மண் உருட்டியிருக்கிறதா என்று பார்ப்பார். கொத்தமல்லியை ஊதிவிட்டு, பறந்த தூசி எவ்வளவு என்று கடைக்காரனின் முகத்தையே பார்ப்பார். ஒருமுறை ஒருவன் மனம் பொறுக்காமல், "என்னக்கா, என்னிலை நம்பிக்கை இல்லையோ?" என்று கேட்டான்.

"நிறைய நம்பிக்கை இருக்குது தம்பி. உந்தச் சாக்கின்ரை மேல்ப்பக்கம் நல்ல சரக்கு, அடியிலை பழசு எண்டு முழுசா நம்புறன். நானும் உப்பிடித்தான் எத்தனையோ வருசம் சனத்துக்குக் குடுத்தனான். அடியிலை இருந்து அள்ளிக் காட்டும் பாப்பம்."

அவன் தலையைக் குனிந்துகொண்டு அள்ளினான். திரும்பும்போது பஸ்ஸில் நான் கேட்டேன்: "அப்ப நீங்களும் சனத்தை ஏமாத்தினனீங்களோ?" மச்சாள் யன்னலுக்கு வெளியே கடலைப் பார்த்தபடி சொன்னார்: "இல்லாட்டில் இதெல்லாம் எனக்கு எப்பிடித் தெரியும், கொன்வென்ற்?" இவரோடா நான் பங்கு போடுகிறேன் என்று அன்றும் நினைத்தேன். ஆனால் அந்த மாதம் என் ஓய்வூதியத்தில் மிச்சம் இருந்தது என்பதையும் நான் மறைக்கக்கூடாது.

சாமான் தட்டுப்பாடு வந்த ஒரு காலத்தில், இனிச் சீனி வராது என்று ஊரில் கதை பரவியது. மச்சாளுக்குத் தெரியாமல் கொஞ்சம் வாங்கிவைக்க நினைத்து, ஓய்வூதிய அலுவலாக அரச செயலகமான கச்சேரிக்குப் போவதாகச் சொல்லிவிட்டு விடியற்காலை ஜெற்றிக்குப் போனேன். யாழ்ப்பாணத்தில் இருக்கும் மகளைப் பார்க்க முதல்நாளே போவதாகச் சொல்லியிருந்த மச்சாள் லோஞ்சுக்குள் உட்கார்ந்திருந்தார். இருவர் கக்கத்திலும் மடித்த சாக்கு.

"கச்சேரிக்குப் போறவைக்குச் சாக்கு என்னத்துக்கு?" என்றார்.

"மகளைச் சாக்கிலை கட்டிக்கொண்டு வரப்போறீங்களோ?" என்றேன்.

லோஞ்சில் இருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். வேறு வழியில்லாமல் இருவரும் சேர்ந்தே வாங்கினோம். அதனால் விலையும் குறைந்தது.

வாங்குவதில் மட்டுமல்ல, சமைப்பதிலும் அவர் கை இறுக்கம். நான் மூன்று கறி, ஒரு பொரியல், சொதி என்று வளர்ந்தவள். "ரெண்டு கறி வைக்கிற வீட்டிலை ஒரு கறியைத்தான் நாக்கு கண்டுபிடிக்கும், மற்றது சட்டிக்கு வைச்சது" என்பார் மச்சாள். அவர் வைப்பது ஒன்றே ஒன்று. குரக்கன் புட்டென்றால் சூடை மீன் தீயல். சோறென்றால் முருங்கைக் கீரையும், சின்ன வெங்காயத்தை வாட்டிப் போட்ட ஒரு சொதியும். சூடை மீன் கரையில் மலிவாகக் கிடைப்பது. என் தாய் வீட்டில் அதைப் பூனைக்குத்தான் போடுவோம். மச்சாள் அதைப் பழப்புளியும் மிளகும் விட்டு மண்சட்டியில் வற்றவைத்தால், வேலிக்கு இந்தப் பக்கம் எனக்கு வாசிக்கும் புத்தகத்தில் மனம் செல்லாது. இவ்வளவு ருசி வருவதற்கு அவர் எதையோ ஒளித்துப் போடுகிறார் என்று நான் நினைத்து, ஒருநாள் பக்கத்திலேயே பலகை போட்டு உட்கார்ந்து பார்த்தேன். எதையும் போடவில்லை. அடுப்பை மட்டும் எரியவிடாமல் தணலில் விட்டிருந்தார். என் சொதியைச் சாப்பிடும்போதெல்லாம் அவரும், "பங்குக் கணக்குக்கு மேலாலை தேங்காய் வாங்கிறீர் போலை" என்று என்னைச் சந்தேகிப்பார். நாங்கள் இருவரும் ஒருவர் சட்டியை மற்றவர் எட்டிப்பார்த்துச் சாப்பிட்ட மத்தியானங்களைப் போல ருசியான சாப்பாட்டை நான் எந்த விருந்திலும் சாப்பிட்டதில்லை.

சண்டை ஓய்ந்து கொழும்புப் பாதை திறந்திருந்த சில மாதங்களில், ஒருநாள் நேசன் சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றான். வந்தவன் நேரே குசினிக்குள் போய்ச் சாமான் போட்டுவைக்கும் தகரப் பேணிகளைத் திறந்தான். அது பங்கு வாங்கப் போகும் கிழமை. பேணிகள் அநேகமாக வெறுமை. மத்தியானம் சோறும் சூடைத் தீயலும் வைத்தேன்.

"ஒரு கறிதானோ அம்மா?"

"அதுக்கென்ன?"

"உதுக்குத்தான் சொன்னனான். நாளைக்கு லோஞ்சிலை என்னோடை வாறீங்கள். வீட்டுத் திறப்பை மாமியிட்டைக் குடுப்பம்."

அந்த நேரம் பார்த்து வேலிப் பொட்டால் மச்சாள் வந்தார். நேசன் அவரையே சாட்சிக்கு அழைத்தான். "மாமி, நீங்கள் பக்கத்திலை இருந்து பாக்கிறீங்கள். உண்மையைச் சொல்லுங்கோ. அம்மாவாலை சமாளிக்க ஏலுதோ?"

ஏலாது என்ற ஒரு சொல் போதும். நான் என் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மச்சாள் அவன் கொழும்பிலிருந்து கொண்டுவந்திருந்த பையைத் திறந்து, மைசூர்ப் பருப்பில் ஒரு பிடி எடுத்தார். விரலை நனைத்துத் தேய்த்தார். மணந்தார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"மோனை, உது எங்கை வாங்கினனி?"

"வழமையா வாங்கிற கடையிலை."

"எப்ப தொடக்கம் அங்கை வாங்கிறாய்?"

"கலியாணம் கட்டின நாள் தொடக்கம்."

"அப்ப கலியாணம் கட்டின நாள் தொடக்கம் பருப்புக்குப் பூசின சாயத்தைத்தான் குடிக்கிறாய். வயித்திலை ஒண்டும் செய்யேல்லையோ?"

நேசனின் முகம் மாறிவிட்டது. மச்சாள் விடவில்லை. "இவர் கொம்மாவைக் கொண்டுபோய்ப் பாக்கப்போறாராம்! பருப்பு வாங்கத் தெரியாத பிள்ளை. ஓமடா, கொம்மா ஒரு கறியோடைதான் சாப்பிடுறா. அந்த ஒரு கறிக்குள்ளை என்ன கிடக்குதெண்டு அவவுக்குத் தெரியும். உன்ரை வீட்டிலை மூண்டு கறி. என்ன கிடக்குதெண்டு உனக்குத் தெரியுமோ? முதல் அந்தத் தீயலை வாயிலை வைச்சுப் பார், பிறகு கதை."

அவன் வைத்துப் பார்த்தான். பிறகு கதைக்கவில்லை. இரண்டாம் முறையும் சோறு கேட்டான். மறுநாள் லோஞ்சில் தனியாகத்தான் ஏறினான். ஏறுமுன், நல்ல பருப்பை எப்படிப் பார்த்து வாங்குவது என்று மாமியிடம் கேட்டுக்கொண்டு போனான்.

அவன் போன பிறகு அந்தப் பருப்பை எறிய எனக்கு மனம் வரவில்லை. சட்டியில் போட்டு ஊறவைத்தேன். தண்ணீரில் நிறம் இறங்கவில்லை. கழுவி மறுபடி ஊறவைத்தேன். அப்போதும் இல்லை. அவித்தேன், பூப்போல மலர்ந்தது. ஒரு கோப்பையில் எடுத்துக்கொண்டு வேலிப் பொட்டால் போனேன்.

"மச்சாள், இது நல்ல பருப்பெல்லோ?"

"முதல்தரம்" என்றார், ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு.

"அப்ப சாயமெண்டு சொன்னனீங்கள்?"

"கடை நடத்தினவள் நான். நல்ல சரக்கைக் கூடாதெண்டு சொல்லத் தெரியாட்டில் நான் என்ன யாவாரி?"

"ஆருக்காகச் சொன்னனீங்கள்? எனக்காகவோ?"

அவர் கோப்பையை என் கையில் திருப்பித் தந்தார். "உப்புக் காணாது" என்றார்.

அதன்பிறகு எத்தனையோ தடவை இதை யோசித்துப் பார்த்திருக்கிறேன். நான் போயிருந்தால் திறப்பும் கிணறும் அவர் கைக்கு வந்திருக்கும். வேண்டாம் என்று தள்ளியவரைப் பேராசைக்காரி என்று சொல்ல முடியாது. ஆனால் நான் போன பிறகு நேசன் வீட்டை வேறு யாருக்காவது விற்றுவிடுவான், புதிதாக வருகிறவர்கள் வேலிப் பொட்டை அடைத்துவிடுவார்கள் என்று அவர் முன்கூட்டியே கணித்திருக்கலாம். அவர் அவ்வளவு தூரம் கணிக்கக்கூடியவர். பங்குக்கு ஆள் இல்லாமல் சில்லறை விலை கொடுக்க அவருக்கு விருப்பமில்லாமலும் இருந்திருக்கலாம். இவை ஒன்றுமில்லாமல், என் கூட இருப்பதே அவருக்கு வேண்டியிருந்ததோ என்னவோ. அதைத்தான் நம்ப எனக்கு ஆசை. ஆசையாக இருப்பதாலேயே அதில் எனக்குச் சந்தேகம் அதிகம்.

கண் வைத்தியத்துக்காக மகள் வீட்டுக்குப் போன அன்று, ஜெற்றியில் வைத்து அவர் என்னிடம் கடைசியாகச் சொன்னது: "நான் வருமட்டும் தனியப் போய் மூட்டை வாங்கிப் போடாதையும். உம்மட முகத்தைக் கண்டாலே விலையைக் கூட்டுவாங்கள்." நான் போய் வாங்கினேன். கூட்டித்தான் சொன்னார்கள்.

இன்றும் நான் என் வீட்டில், என் அடுப்பில், எனக்குப் பிடித்ததை அவித்துச் சாப்பிடுகிறேன். என் மச்சாள் தங்கரத்தினத்திடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது அதுதான். அதை அவர் யாருடைய நன்மைக்காகக் காப்பாற்றித் தந்தார் என்று இனிக் கேட்க வழியில்லை. கேட்டு, அவர் ஒரு பதில் சொல்லியிருந்தாலும், அதை நான் நம்பியிருக்கமாட்டேன். அதையும் அவர் அறிவார்.