சுடலைமணியின் ஃபோல்டர்கள்

கொச்சி மட்டாஞ்சேரியில் நான் ஆல்பம் போடும் ஸ்டூடியோவில் முதலாளியைவிட சுடலைமணிக்குத்தான் மவுசு. சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து பத்தொன்பது வயதில் லைட் பிடிக்க வந்தவர். இருபது வருடக் கல்யாணப் படங்கள் எல்லாம் அவர் போட்டுவைத்த ஃபோல்டர்களில் இருக்கின்றன. ஆண்டுக்குள் குடும்பம், குடும்பத்துக்குள் நிக்காஹ், அதற்குள் மைலாஞ்சி என்கிற மருதாணிச் சடங்கு, மைலாஞ்சிக்குள் மாமி வீடு. வழி அவருக்கு மட்டும்தான் தெரியும். யாராவது படம் கேட்டு வந்தால், ஒரு சாயா குடித்து முடிக்கும்வரை காக்க வைத்துவிட்டுத்தான் எடுத்துக் கொடுப்பார். அந்தக் கெத்துக்காகவே மனிதர் லீவு போட்டதில்லை.

போன மாதம் நிஸா வேலைக்குச் சேர்ந்தாள். காக்கநாட்டில் கம்ப்யூட்டர் வேலை பார்த்தவள். எல்லா ஃபோல்டர்களையும் பட்டியல் போட்டு, வாடிக்கையாளர்கள் வீட்டிலிருந்தே படம் பார்க்கும்படி ஒரு வெப் ஸ்கிரிப்ட், அதாவது கம்ப்யூட்டர் நிரல், எழுத அவளிடம் சொன்னார் முதலாளி கிருஷ்ணபிரசாத். அன்றே சுடலைமணிக்கு வயிற்றெரிச்சல் தொடங்கியது.

"நேத்து வந்தவ, நம்ம வழியக் கண்டுபிடிச்சிருவாளாக்கும்!" என்று என் காதில் ஓதினார். இருந்த ஒரே நல்ல நாற்காலியையும் அவளிடமிருந்து பிடுங்கிக்கொண்டார். எனக்கும் பொறாமைதான், பொய் சொல்வானேன். என்னை நம்பி யாரும் இப்படி ஒரு வேலை கொடுத்ததில்லை.

வெள்ளிக்கிழமை ஸ்கிரிப்ட் ஓடியது. ஃபோல்டருக்குள் ஃபோல்டர், அதற்குள் இன்னொன்று என்று அடிவரை இறங்கி எல்லாப் பெயர்களையும் திரையில் கொட்டியது. வாசித்துக்கொண்டே வந்த முதலாளி ஓரிடத்தில் நின்றார்.

"இது எந்தா சுடலை? 'பழைய பில்'லுக்குள்ள 'வேண்டாதது', அதுக்குள்ள முயற்சி ஒண்ணு, முயற்சி ரெண்டு... முப்பத்தொண்ணு வரைக்கும் இருக்கே?"

சுடலைமணி பாய்ந்து வருவதற்குள் நிஸா கடைசி ஃபைலைத் திறந்துவிட்டாள். இதே வேலைக்கான ஸ்கிரிப்ட். ஃபைல் தேதிகளைப் பார்த்தால், மூன்று வருடமாக யாருக்கும் தெரியாமல் அவரே எழுதிப் பார்த்தது. மேலே இருக்கும் ஃபோல்டர்களின் பெயரைக் காட்டும், உள்ளே இறங்காது.

நிஸா முழுவதும் வாசித்தாள். "எல்லாம் சரியாக்கும், சேட்டா. உள்ள ஒரு ஃபோல்டர் கண்டா, இந்த ஃபங்ஷன், அதாவது பெயர் எடுக்கிற இந்தத் துண்டு, தன்னையே மறுபடி கூப்பிடணும், அப்பத்தான் உள்ள இறங்கும். அந்த ஒரு வரிதான் இல்ல."

"ஒரே வரியா?"

"ஆமா சேட்டா."

அவள் சிரித்திருந்தால் சுடலைமணி சண்டையாவது போட்டிருப்பார். அவள் சிரிக்கவில்லை. நாற்காலியை அவள் பக்கம் தள்ளிவிட்டு வெளியே போனார்.

மறுநாள் சுடலைமணி லீவு. மைலாஞ்சிப் படம் கேட்டு ஒருவர் வந்தார். அவரை யாரும் காக்க வைக்கவில்லை.