ரெண்டு வருஷத்துக்கு ஒரு லீவு

பழைய வீடியோ கேம் கடையில் வேலை பார்த்தவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை: உள்ளே வருகிறவர்களில் பாதிப் பேர் ஏசிக்காக வருகிறவர்கள், மீதிப் பேர் பேரம் பேசிவிட்டுப் போகிறவர்கள். இரண்டாயிரத்துச் சொச்சத்தில் ஷார்ஜா முவைலாவில் நான் குப்பை கொட்டிய கடையும் அப்படித்தான்.

யாரும் தொடாத கேசட்

ஜப்பானிலிருந்து பழைய சாமான்கள் பெட்டி பெட்டியாக வரும். அதில் ஒரு கேம் கேசட் வந்தது. சண்டை கிடையாது, கார் கிடையாது. பத்து வயதுப் பெண் ஒருத்தியை நாம் அப்பாவாக இருந்து வளர்க்க வேண்டும். மாதா மாதம் அவளுக்குப் படிப்பா, வேலையா, ஓய்வா என்று சொல்ல வேண்டும். பதினெட்டு வயதில் அவள் என்னவாக ஆகிறாள் என்பதுதான் முடிவு. எழுத்தெல்லாம் ஜப்பான் மொழி. எதைத் தட்டினால் என்ன நடக்கும் என்று நானே தட்டித் தடவிக் கண்டுபிடித்து வைத்திருந்தேன். மகனோடு வந்த சென்னை அம்மா ஒருவருக்கு இதையெல்லாம் மூச்சுவிடாமல் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டு முடித்துவிட்டு அவர் சொன்னது:

"இதுல மேத்ஸ் வருமா?"

வீட்டிலேயே இருக்கும் அப்பா

கடைசியில் அதை வாங்கியவர் சேவியரண்ணன். குளச்சல்காரர். பக்கத்து லேபர் கேம்ப்பில் தங்கி ஏசி மெக்கானிக் வேலை பார்த்தார். ஊருக்குப் போக ரெண்டு வருஷத்துக்கு ஒரு முறைதான் லீவு. எட்டாவது படிக்கும் ஒரே மகள் ஊரில். வெள்ளிக்கிழமை போன் போட்டால் அவள் பேச வருவதே இல்லை என்று எப்போதும் மனத்தாங்கல். மார்க் எவ்வளவு என்று மட்டும் கேட்கிற அப்பாவிடம் எந்தப் பிள்ளை வந்து பேசும் என்று நான் சொல்லவில்லை. வியாபாரம் கெட்டுவிடுமே.

கடை டிவியில் போட்டுக் காட்டினேன். மகள் காலையில் கிளம்புகிறாள், சாயங்காலம் திரும்புகிறாள், அப்பா வீட்டில் இருக்கிறார். வெகுநேரம் பார்த்துவிட்டு அண்ணன் கேட்டார்:

"இந்தத் தகப்பனுக்கு டூட்டி ஒண்ணும் கெடையாதா மக்கா?"

லீவு

ஓய்வு என்பதற்கு 'லீவு' என்று பெயர் வைத்துச் சொல்லிக்கொடுத்து அனுப்பினேன். இரண்டாவது வாரம் முகம் தொங்கிப்போய் வந்தார். அந்தப் பெண் வீட்டை விட்டே ஓடிவிட்டாளாம். கேசட்டில் கோளாறு என்றார். போட்டுப் பார்த்தால், பிள்ளைக்கு மாதக்கணக்கில் படிப்பும் வேலையும்தான். லீவு பக்கமே போகவில்லை. ஏன் அண்ணே என்றேன். வளைகுடாவில் இருந்தவர்கள் சிரிக்க மாட்டீர்கள்:

"ரெண்டு வருசம் ஆவல்லியே, அதுக்குள்ள எப்பிடி லீவு குடுக்கது?"

திரும்பி வந்த கேசட்

மாதம் ஒரு லீவாவது கொடுங்கள் என்று சொல்லி அனுப்பினேன். அதற்குப் பிறகு கேம் பெண் வீடு திரும்பினாள். அண்ணனும் மாதம் தவறாமல் லீவு கொடுத்தார். அந்தப் பழக்கத்தில் ஒரு வெள்ளிக்கிழமை போனில் மனைவியிடம், ஞாயிற்றுக்கிழமை டியூசனை நிறுத்து, பிள்ளைக்கு லீவு என்று சொல்லிவிட்டார். இதைக் கேட்டு மகளே போனுக்கு ஓடி வந்தாளாம். வந்தவள் கேட்டது ஒன்றே ஒன்று, அப்பாவுக்கு எப்போது லீவு என்று. சைட்டில் ஆள் இல்லை என்று ஃபோர்மேன் கெஞ்சியதால் இவர் இரண்டு முறை தன் லீவைத் தள்ளிப் போட்டிருந்தார். மறுநாளே போய், இனித் தள்ள முடியாது என்று ஒற்றைக்காலில் நின்று லீவு வாங்கிவிட்டார்.

ஊருக்குக் கிளம்பும் முன் கடைக்கு வந்து கேசட்டை என் கையில் கொடுத்தார். காசு வேண்டாம், வேறு யாருக்காவது கொடு என்றார். கேமில் அந்தப் பெண்ணுக்குப் பதினேழு நடந்துகொண்டிருந்தது. இன்னும் கொஞ்சம் ஆடினால் என்ன ஆகிறாள் என்று தெரிந்துவிடுமே, பார்த்துவிட்டுக் கொடுங்கள் அண்ணே என்றேன். பெட்டிக்குக் கயிறு வாங்கப் போகிற அவசரத்தில் வாசலில் நின்றபடியே சொன்னார்:

"அத நான் நேருல பாத்துக்கிடுதேன் மக்கா."

விற்ற சாமான் திரும்பி வந்ததற்காக மனதார நன்றி சொன்ன கடைக்காரன் அந்தத் தொழிலிலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.