எதிர்வீட்டு அக்காவுக்காக நடந்த நடை

கொரோனா ஓய்ந்து ஊர் பழையபடி நடமாடத் தொடங்கிய சமயம். எங்கள் வீடு சிங்காநல்லூரில். எனக்குச் சர்க்கரை எல்லைக்கோட்டில் நிற்கிறது, தினமும் நடந்தே ஆகவேண்டும் என்று டாக்டர் பயமுறுத்திவிட்டார். சர்க்கரையால் அம்மா பட்ட பாட்டைக் கூடவே இருந்து பார்த்தவள் நான். விட்டேனா பார் என்று புது ஷூ வாங்கி, விடியற்காலையில் குளக்கரையில் வேர்க்க விறுவிறுக்க நடந்தேன். ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. முட்டி வீங்கி, மாடிப்படியை உட்கார்ந்து உட்கார்ந்து இறங்கினேன். ஷூ பரணுக்குப் போனது.

அந்த நேரத்தில்தான் எதிர்வீட்டுக்கு ஓர் அக்கா குடிவந்தார். கணவரை இழந்தவர், மகனோடு இருந்தார். அவரிடமும் என் சர்க்கரைப் புராணத்தை ஒப்பித்திருந்தேன். ஒரு சாயங்காலம் கேட் அருகே நின்று, "ஏனுங்க அம்மணி, சும்மா பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நடந்துட்டு வரலாமுங்களா?" என்றார்.

பாவம், பேச்சுத்துணைக்கு ஆள் தேடுகிறார் என்று நினைத்தேன். முடியாதென்று முகத்துக்கு நேரே சொல்ல நம் ஊரில் யாருக்கு வாய் வரும்? அவர் நடை ஆமை நடை. காய்கறிக் கடையில் வேறு நிற்பார். இதெல்லாம் ஒரு நடையா என்று உள்ளுக்குள் கடுகடுப்பேன். ஆனாலும் மறுநாள் கேட்டில் வந்து நிற்பாரே என்று கிளம்பிவிடுவேன். தூறலில் குடையோடு போனோம். உடம்பு முடியாத நாளில் பாதி வழியோடு திரும்பினோம். வருஷங்கள் அப்படியே ஓடின. முட்டி வலிக்கவில்லை, சர்க்கரையும் அடங்கி இருந்தது.

போன வருஷம் அக்காவின் மகனுக்குப் பெருந்துறையில் வேலை கிடைத்து, வீட்டைக் காலி செய்தார்கள். சாமான் ஏற்றும்போது, "இனி உங்களுக்கு நடக்கத் துணை யாருங்க?" என்று கேட்டுவிட்டேன்.

அக்கா என்னை ஒரு மாதிரி பார்த்தார். "எனக்கெதுக்குங்க துணை? நடக்கறதுன்னாலே எனக்கு எட்டிக்காயுங்க. நான் வல்லைன்னா நீங்க உட்டுப்போடுவீங்கன்னுதான் செருப்ப மாட்டிட்டு வந்தனுங்க."

"நானும் உங்களுக்காகத்தானுங்க வந்தேன்!"

லாரிக்காரர் ஹார்ன் அடிக்க அடிக்க, இருவரும் கேட்டைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். அழுகை யாருக்கு முதலில் வந்ததென்று தெரியவில்லை.

மறுநாள் எதிர்வீட்டில் பூட்டுத் தொங்கியது. போகாவிட்டால் கேட்க ஆளில்லை. கொஞ்ச நேரம் வாசலிலேயே நின்றேன். அப்புறம் கிளம்பினேன். இன்றும் போகிறேன், பக்கத்தில் ஓர் ஆளுக்கு இடம் விட்டபடியே. எனக்காக ஒருத்தர், தனக்குப் பிடிக்காத வேலையை முகம் சுளிக்காமல் அத்தனை நாள் செய்திருக்கிறார் என்று நினைக்கும்போது, எனக்காக நானே அதைச் செய்ய மாட்டேனா என்றுதான் தோன்றுகிறது.