சிலுவையைக் கழற்றாத யோகா டீச்சர்

யோகா சொல்லிக் கொடுக்கிறவருக்கு உடம்பு மட்டும் வளைந்தால் போதாது, கேள்வி கேட்கிற ஆளுக்கு ஏற்றபடி நாக்கும் வளைய வேண்டும். எனக்கு உடம்பு மட்டும்தான் வளைந்தது.

எண்பதுகளில் கிள்ளானில் ஒரு தையல் கடையின் மாடியில், வாரம் மூன்று சாயங்காலம் யோகா வகுப்பு நடத்தினேன். அதற்கு முன்னால் கோலாலம்பூரில் டெலிபோன் ஆபரேட்டர். நாள் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்து இடுப்பு பிடித்துக்கொண்டதால் பிரிக்பீல்ட்ஸில் ஒரு மண்டபத்துக்குப் போய் யோகா கற்றுக்கொண்டேன். வலி போனது, யோகா தங்கிவிட்டது. நான் பிறந்ததிலிருந்தே கிறிஸ்தவள். பதினோரு வருஷமாக எங்கள் சர்ச்சில் சண்டே ஸ்கூல் டீச்சரும் நான்தான். இந்த இரண்டு வேலையையும் ஒரே ஆள் பார்க்கக் கூடாது என்று யாரும் எனக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை. இரண்டு தரப்புக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு முழித்த அனுபவம் உங்களுக்கும் இருந்தால், என் வயிற்றெரிச்சல் புரியும்.

யோகா டீச்சர் எங்கே?

முதல் வாரமே தெய்வானை ஆச்சி வந்தார். ஊரில் பேர் போன செட்டியார் வீட்டுக்காரர். வாசலில் தொங்கிய ‘எஸ்தர் யோகா வகுப்பு’ என்ற போர்டை ஒரு தரம் பார்த்தார், என் கழுத்திலிருந்த சிலுவையை ஒரு தரம் பார்த்தார். பிறகு சுவரில் சாமி படத்தைத் தேடினார். தையல் கடைக்காரர் மாட்டிய காலண்டர்தான் இருந்தது. “யோகா டீச்சர் இன்னும் வரலீங்களா?” என்று என்னிடமே கேட்டார்.

நான்தான் என்றேன். அவருக்குத் தோள்பட்டை வலி, கையைக் காதுக்கு மேல் தூக்க முடியவில்லை. அரை மணி நேரம் பக்கத்திலேயே நின்று, மூச்சோடு சேர்த்துக் கையை எப்படித் தூக்குவது என்று காட்டினேன். போகும்போது காதைத் தாண்டிக் கொஞ்சம் தூக்கினார். எனக்கு ஒரே சந்தோஷம். படி இறங்கியவர் பாதியில் நின்று திரும்பிப் பார்த்துச் சொன்னார்: “அடுத்த வாரமும் வர்றேன். ஆனா ஒண்ணு, நடுவுல ஜெபம் கிபம் பண்ணி என்னை மதம் மாத்திடக் கூடாது, ஆமா!”

எண்ணிக்கை

என் வகுப்பில் நான் ஓம் சொல்ல மாட்டேன். மனசுக்குள் யார் எதை வேண்டுமானாலும் சொல்லிக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டு, மூச்சை ஒன்று, இரண்டு என்று எண்ணுவேன். முழங்கால் வலிக்காக வந்த மிசஸ் லிம்முக்குத் தமிழ் தெரியாது. அதனால் அவருக்காக ‘சத்து, டுவா, தீகா’ என்று மலாயிலும் எண்ண ஆரம்பித்தேன்.

ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற முனியாண்டி அண்ணனுக்கு இது கொஞ்சமும் பிடிக்கவில்லை. மீன் பாசாரில் கூறு போடுவது போல நான் மூச்சை எண்ணுவதாகப் பக்கத்தில் இருந்தவர்களிடம் புலம்பினார். எனக்கு நம்பிக்கையில்லாததை வாயால் சொன்னால் அது உங்கள் சாமிக்கும் மரியாதையில்லை, என் சாமிக்கும் மரியாதையில்லை என்று சொல்லிப் பார்த்தேன். அவர் பாயைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு சொன்னார்: “ஓம் இல்லாம இழுத்து விட்டா அது வெறும் பெருமூச்சு, டீச்சர். அதை நான் வீட்டுலயே என் பொண்டாட்டியப் பார்த்து விட்டுக்குவேன்.”

விசாரணை

இந்துக்கள் இப்படி என்றால், என் சர்ச்சுக்காரர்கள் சும்மா இருப்பார்களா? சர்ச் செயலாளர் ஜேக்கப் அங்கிள் ஒரு நாள் காரில் போகும்போது போர்டைப் பார்த்துவிட்டார். அந்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் கமிட்டி அறைக்கு வரச் சொன்னார்கள். மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர், இந்தப் பக்கம் நான்.

“கண்ணை மூடி உட்கார வெச்சு என்னம்மா சொல்லித் தர்ற?” என்றார் அங்கிள். மூச்சு விட என்றேன். “அதை ஆண்டவர் பிறக்கும்போதே சொல்லிக் குடுத்துட்டாரே!” என்றார். “தொண்டையும் அவர்தான் குடுத்தாரு. நீங்க எதுக்கு பாட்டுக் குழுவுக்கு வாரம் ரெண்டு தடவை பிராக்டிஸ் வைக்கிறீங்க?” என்று கேட்டேன். ஒரு மாதம் அவகாசம் கொடுத்தார்கள். யோகாவை விட வேண்டும், இல்லையென்றால் சண்டே ஸ்கூலை விட வேண்டும். மனசைக் காலியாக வைத்தால் சாத்தான் வந்து குடியேறுவான் என்று அங்கிள் எச்சரித்தார். என் மனசு என்றைக்கும் காலியாக இருந்ததில்லை, கண்ணை மூடினால் கீழே ரோட்டோர ஒட்டுக்கடையில் வதக்குகிற மிளகாய்ச் சம்பல் வாசனைதான் நிறைந்திருக்கும் என்று உள்ளதைச் சொன்னேன். அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். “அப்படின்னா இன்னும் மோசம் லா! அதையும் நீ ஒழுங்கா செய்யல!”

கிரேஸ்

எல்லாரையும் எதிர்த்துப் பேசிய எனக்கு ஒருத்தியிடம் மட்டும் வாய் வரவில்லை. கிரேஸ் என்னோடு டெலிபோன் ஆபீசில் வேலை பார்த்தவள். இந்துக் குடும்பத்தில் பிறந்து இருபத்தைந்து வயதில் கிறிஸ்தவளானவள். சின்ன வயதில் வருஷம் தவறாமல் பத்துமலைக்குப் பால்குடம் எடுத்தவள். மதம் மாறியதற்காக அவள் அப்பா கடைசி வரை அவளோடு பேசவில்லை. கழுத்து வலி என்று என் வகுப்பில் சேர்ந்தாள். முதல் இரண்டு நாள் நன்றாகத்தான் செய்தாள்.

மூன்றாம் நாள் சூரிய நமஸ்காரம். கை குவித்து நிற்கச் சொன்னேன். நின்றாள். கண்ணில் தண்ணீர் நின்றது. சத்தம் போடாமல் பாயைச் சுருட்டிக்கொண்டு கீழே இறங்கிவிட்டாள். பின்னாலேயே ஓடினேன். இது வெறும் உடற்பயிற்சிதான், கிரேஸ், கையைக் காலை நீட்டி மடக்குவதுதான், வேறு ஒன்றும் இல்லை என்று மூச்சிரைத்தபடி சொன்னேன். அவள் என்னோடு சண்டை போடவில்லை, என்னைப் பாவி என்றும் சொல்லவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: “உனக்கு இது எக்சர்சைஸ், எஸ்தர். எனக்கு இது நான் அழுதுக்கிட்டே விட்டுட்டு வந்த வீடு.”

பெயிண்ட் டின்

அவகாசம் முடிய நான்கு நாள் இருக்கும்போது ஜேக்கப் அங்கிள் மாடியேறி வந்தார், கையில் ஒரு பிளாஸ்டிக் பையோடு. கமிட்டி மனமிரங்கிவிட்டதாம். போர்டில் ‘யோகா’ என்ற வார்த்தையை அழித்துவிட்டு ‘உடற்பயிற்சி’ என்று எழுதினால் போதும், சண்டே ஸ்கூலில் நான் தொடரலாம். உள்ளே என்ன செய்தாலும் யாரும் வந்து பார்க்கப் போவதில்லை. பையைத் திறந்தார். பெயிண்ட் டின்னும் பிரஷ்ஷும் அவரே வாங்கி வந்திருந்தார்.

மனசு ஆடியது, அதை மறைக்க மாட்டேன். அந்தப் பிள்ளைகள் என்றால் எனக்கு உயிர். ஆனால் வெறும் உடற்பயிற்சி என்று கிரேஸிடம் சொல்லி, அவள் முகத்தைப் பார்த்த பிறகு, அதையே போர்டில் எழுத எனக்குக் கை வரவில்லை. “அங்கிள், இதை எனக்குச் சொல்லிக் குடுத்தவங்க கோயிலுக்குப் போறவங்க. அவங்ககிட்ட கத்துக்கிட்டு அவங்க வெச்ச பேரை அழிக்கிறது திருட்டு. வெளிய ஒண்ணு எழுதி உள்ள ஒண்ணு செய்யறது பொய். ரெண்டையும் செஞ்சுட்டு, ஞாயித்துக்கிழமை பிள்ளைங்ககிட்ட திருடாதே, பொய் சொல்லாதேன்னு நான் எப்படிச் சொல்லுவேன்? நான் கும்பிடறது ஒரே ஒருத்தரைத்தான். அதுக்கு போர்டு சாட்சி வேணாம்” என்றேன். அங்கிள் பெயிண்ட் டின்னைத் திரும்பப் பையில் போட்டார். “ஒரே ஒரு வார்த்தை. அதுக்குப் போய் இவ்வளவு பிடிவாதமா?”

மூன்றாவது செவ்வாய்க்கிழமை

அடுத்த ஞாயிறு என் பிள்ளைகளை வேறு ஒருவர் அழைத்துக்கொண்டு போனார். சர்ச் கழிவறையில் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். பிறகு முகம் கழுவிக்கொண்டு, சிலுவையைப் புடவைக்கு வெளியே எடுத்துப் போட்டுக்கொண்டு, இரண்டாவது வரிசையில் போய் உட்கார்ந்தேன். சண்டே ஸ்கூலைத்தான் பறித்தார்கள், சர்ச்சில் என் இடத்தைப் பறிக்க அவர்களால் முடியாது. பக்கத்தில் வந்து உட்கார்ந்தது ஜேக்கப் அங்கிளின் மனைவி சாராள் ஆன்டி. பாட்டுக்கு நடுவில் காதோடு கேட்டார்: “முழங்கால் உயிரை வாங்குது. செவ்வாய்க்கிழமை வரட்டுமா? அவருக்குத் தெரிய வேணாம்.”

“தெரிஞ்சு வர்றதா இருந்தா வாங்க ஆன்டி. ஒளிஞ்சு வர்றவங்களுக்கு என் மாடியில இடமில்ல” என்றேன். அவர் முகம் சுருங்கியது. இரண்டு செவ்வாய்க்கிழமை வரவில்லை. இருந்த ஒரு ஆதரவையும் என் வாயால் கெடுத்துக்கொண்டேன் என்று நினைத்தேன். மூன்றாவது செவ்வாய்க்கிழமை படியில் சத்தம் கேட்டது. கைப்பிடியைப் பிடித்து ஒவ்வொரு படியாக, பாயோடு ஏறி வந்தார் ஆன்டி. அங்கிளிடம் சொன்னீர்களா என்று கேட்டேன். வாசலிலேயே நின்று மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னார்: “சொல்லிட்டேன். பசிச்சா சட்டியில இருக்கறத நீங்களே போட்டுச் சாப்பிடுங்கன்னும் சொல்லிட்டேன்.”

சண்டே ஸ்கூல் எனக்குத் திரும்பக் கிடைக்கவே இல்லை என்றாலும், நான் வகுப்பு நடத்திய கடைசிச் செவ்வாய்க்கிழமை வரைக்கும் ஜேக்கப் அங்கிள் தன் சாப்பாட்டைத் தானே போட்டுத்தான் சாப்பிட்டார்.